தண்ணி நின்னா கூப்பிடு

1961 பிப்ரவரி 12, ஞாயிறு. விழுப்புரம்.

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். நான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நடந்த கூத்து அத்தனையும் காதில் விழுந்தது.

"வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?"

வாசலில் நின்றவள் என் பெண்டாட்டி பாஞ்சாலி. சுவரில் மாட்டியிருக்கும் சாமி காலண்டரைக் காட்டியிருக்கிறாள்.

"பெருமாளா?"

"இல்லீங்க. மலை மேல கீறாரே, அவுரு."

"ஏழுமலையா?"

"கிட்ட வந்துட்டீங்க."

அவர் ஏழுமலை என்றே எழுத ஆரம்பித்துவிட்டார். சோப்பு நுரையோடு ஓடிப்போய், "வேங்கடேசன் சார், வேங்கடேசன்" என்று கத்தினேன். பாஞ்சாலி கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம். என் பெயர் அவள் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை. புருசன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று கோலியனூரில் அவள் அம்மா சொல்லி அனுப்பியது. பிள்ளை இருந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னார் அப்பா' என்று கூப்பிடலாம். இன்னும் இல்லை. ஆக 'ஏங்க', 'இந்தாங்க' இந்த இரண்டில் எங்கள் குடித்தனம் ஓடுகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 14

இன்று முப்பது கல் அறுத்தோம். ஒன்றுகூட முனை பெயரவில்லை.

ஜெகபர் அலி பாயின் மொசைக் கல் பட்டறையில் மற்றவர்கள் கல் வார்ப்பார்கள், தேய்ப்பார்கள். அறுப்பது நான் ஒருவன்தான். மோட்டாரில் சுற்றுகிற வட்ட பிளேடு, விளிம்பில் பல் பல்லாக வைரத்தூள் பதித்தது. பாயின் மருமகன் அமீர் பாட்சா சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அனுப்பினார். வைரமாக இருந்தால் என்ன, தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் கருகும். கல்லை பிளேடு கடிக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் படும்படி, விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது பாஞ்சாலியின் வேலை. ஒரு பக்கெட், ஒரு செம்பு.

பட்டறையில் உளி பிடிக்கிற ராயப்பன் ஒருநாள் ஊற்றினான். என் வேட்டிதான் நனைந்தது. பாஞ்சாலி ஊற்றினால் கல்மாவு கரைந்து வெள்ளையாக ஓடும். "பால் ஓடினா சரி, மாவு பறந்தா கெட்டுது" என்பாள். தள்ளுவது நான், ஊற்றுவது அவள். கோடு நேராக விழுந்தால் பெயர் எனக்கு மட்டும். அதற்கு அவள் சண்டை போட்டதில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

பிப்ரவரி 20

பிளேடு போய்விட்டது.

பக்கெட் காலி. நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பென்சில் கோட்டையே பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நேராக வருகிறது என்கிற மிதப்பு வேறு. பாஞ்சாலி "இந்தாங்க, இந்தாங்க" என்று மூன்று தடவை கத்தினாளாம். எனக்கு எங்கே கேட்டது? அவள் மேடையைச் சுற்றி ஓடிவந்து தோளைத் தொட்டபோது பிளேடு சூட்டில் பழுத்திருந்தது. நிறுத்திப் பார்த்தால் நீலம் பாய்ந்து கோணிக்கிடக்கிறது. இனி தோசை திருப்பக்கூட ஆகாது.

பாய் வந்து கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பேஜாராக இருந்தது.

"வேற ஒண்ணு கப்பல்ல வர நாலு மாசம் ஆவும் வேங்கடேசா. அதையும் இப்டிப் பண்ணீன்னா மிஷினை வித்துட்டு, பழையபடி உளியால தட்டிக்கறேன்."

உளி வேலைக்கு ராயப்பன் இருக்கிறான். என்னைவிடக் கெட்டிக்காரன். மிஷின் போனால் நானும் போனேன், அவளும் போனாள். மறுபடி மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் குனிந்து நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 21

சண்டை. எழுதுவதற்கே வெட்கம், ஆனால் எழுதுகிறேன்.

"பேர் சொல்லிக் கத்தியிருந்தா திரும்பியிருப்பேன்ல? பாய் கேட்டாண்ட நின்னுக்கினு 'வேங்கடேசா'ன்னா ஒரே தபா திரும்பறேன்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"பிளேடு போனா கப்பல்ல வரும். நீங்க போனா எதுல வருவீங்க?"

அதோடு சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லவும் மனசு வரவில்லை.

மார்ச் 5

சமாதானம். இரண்டு பேருமாக ஒரு சோதனை செய்தோம். பிளேடு இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, அவள் பின்னால் நின்று "ஏங்க" என்றாள். கல் வார்க்கிற மாசிலாமணி திரும்பினான். ராயப்பன் திரும்பினான். கல் இறக்க வந்த வண்டிக்காரன்கூடத் திரும்பினான். நான் திரும்பவில்லை. பட்டறையில் தேய்க்கிற பெண்கள் பத்து பேரும் கூப்பிடுவது 'ஏங்க'தான். எந்த 'ஏங்க' எனக்கு என்று காது எப்படிப் பிரிக்கும்?

சைக்கிள் மணி வைத்தோம், மோட்டார் அதை விழுங்கிவிட்டது. என் இடுப்பில் கயிறு கட்டி ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மாசிலாமணி, "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறியா பாஞ்சாலி?" என்றான். கயிறு அவிழ்ந்தது.

கடைசியில் அவளே ஒரு யோசனை சொன்னாள். "தண்ணி தீரப்போவுதுன்னா, கடைசிச் செம்பை உங்க பிடரியில ஊத்திடறேன்." நல்ல யோசனைதான். மோட்டாரில் பட்டு கரண்டு அடித்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேரலாம்.

ஏப்ரல் 30

பிளேடு வரவில்லை. கல் தேய்க்கிறேன். முட்டியெல்லாம் வலி.

மே 14

அக்கினி நட்சத்திர வெயில். சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேல் தாரா பாத்திரம் கட்டியிருக்கிறார்கள். அடியில் ஓட்டை போட்ட செம்புப் பானை. சாமி தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். பாஞ்சாலி நகரவில்லை.

"யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்ல பாருங்க" என்றாள்.

"இன்னாது?"

"அதுபாட்டுக்கு விழுது. ஐயரு எங்கியோ ஒக்காந்துக்கினு கீறாரு. சாமி குளுகுளுன்னு கீறாரு."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆறு மாசமாக மிஷினைக் கட்டி மேய்க்கிறவன் நான். யோசனை வந்தது அவளுக்கு.

ஜூன் 24

பிளேடு வந்துவிட்டது! மெழுகுத் தாளில் சுற்றி, வைக்கோல் வைத்து. பாய் அதைப் பிஸ்மில்லா சொல்லி என் கையில் கொடுத்தார்.

ஜூன் 28

சாமிக்குச் சொட்டு போதும், பிளேடுக்குப் போதாது என்று தெரிந்துகொண்டேன். ஒரு கல்லைத் தொட்டவுடனே புகை. ஒரு மூச்சில் நிறுத்திவிட்டேன்.

இப்போது மண்ணெண்ணெய் டின்னை மூன்று கால் ஸ்டாண்டில் உயரமாக வைத்திருக்கிறேன். அடியில் ஒரு குழாய்த் திருகு, அதிலிருந்து செம்புக் குழாய். அதன் நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்து, பிளேடுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நுனியைக் கொஞ்சம் நசுக்கினால் தண்ணீர் பட்டையாக விழுகிறது. டின்னில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது பாஞ்சாலியின் வேலை. செம்பு அவள் கையைவிட்டுப் போயிற்று.

"இனிமே நீ என்னைக் கூப்பிடவே வேணாம்" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு ஏனோ கொஞ்சம் கோபம் வந்தது. இவளுக்காகத்தானே செய்தேன்? பிறகு என்ன கோபம்?

ஆகஸ்ட் 9. திண்டிவனம்.

இங்கே புது டாக்கீஸ் கட்டுகிறார்கள். தரை முழுக்க நம் மொசைக். பொங்கலுக்குத் திறப்பு. மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, டாக்கீஸுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே ஒரு அறையில். மொத்த வட்டாரமும் பாயின் கைநேர்த்தியைப் பார்க்கப்போகிற வேலை இது. கெட்டால் பாய் தலை நிமிர முடியாது.

கிணற்றுத் தண்ணீரில் மணல் வருகிறது. பாஞ்சாலி தன் பழைய புடவையை நாலாக மடித்து டின் வாயில் கட்டி வடிகட்டுகிறாள். கத்தரிப்பூக் கலர் புடவை. கல்யாணத்துக்கு மறுவருஷம் நான் எடுத்துக் கொடுத்தது. சொன்னேன். "இன்னும் ஞாபகம் கீதா?" என்றாள்.

செப்டம்பர் 3

நல்ல நாள். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. நாற்பத்திரண்டு கல்.

அக்டோபர் 18

ஆயுதபூஜை. மிஷினைக் கழுவித் துடைத்து, பிளேடு, பெல்ட், சுவிட்ச், டின், குழாய் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். எனக்குச் சோறு போடுகிற மிஷின், ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தால் கோபித்துக்கொள்ளும். பாய் வாழைப்பழத் தாரோடு தன் ஊர் கோட்டக்குப்பத்திலிருந்து வந்தார். பொரிகடலை சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி கீது மிஷினு" என்றார்.

அக்டோபர் 19

எழுத்து கோணுகிறது.

விஜயதசமிக்கு ஒரு கல்லாவது அறுத்து வேலை தொடங்க வேண்டும் என்று மோட்டாரைப் போட்டேன். திருகைத் திறந்தேன். தண்ணீர் கசிந்தது. வருகிறதே என்று கோட்டில் கண்ணை வைத்துவிட்டேன். டின்தான் பார்த்துக்கொள்கிறதே — எத்தனை மாசமாகப் பார்த்துக்கொள்கிறது —

பாஞ்சாலி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருகிறாள். கல்லிலிருந்து மாவு பறப்பதைப் பார்க்கிறாள்.

"வேங்கடேசா!"

யார் கூப்பிட்டது? அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. பெண் குரல். என் பெயர். மோட்டார் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. கல்லை விட்டுவிட்டு ஒரு எட்டு விலகித் திரும்பிவிட்டேன். அதே நொடி டங் என்று ஒரு சத்தம். பிளேடின் பல் ஒன்று தெறித்துப் போயிற்று. என் முகம் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் தகரத்தைத் துளைத்து நின்றது.

சுவிட்சை அணைத்தது நானா அவளா, நினைவில்லை. குடம் உடைந்து அவள் காலடியெல்லாம் தண்ணீர். அவள் நின்ற இடத்திலேயே வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்து அழவில்லை. சொன்னதை நினைத்து அழுகிறாள்.

"சொல்ட்டேங்க. சொல்ட்டேங்க. வாய் தவறி..."

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பட்டப்பகல், கொட்டகை நிறைய ஆட்கள். யார் பார்த்தால் எனக்கு என்ன?

அக்டோபர் 20

குழாயைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நாக்கிலும் சந்தனம். காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. என் விரல் ரேகைகூட அதில் தெரிகிறது.

பாய் வந்தார். மணல், தண்ணீர், கிணறு என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் வருவதற்குள் யோசித்தும் வைத்திருந்தேன். அவர் எதிரில் வந்ததும், "நான் வெச்ச சந்தனம்தாங்க பாய்" என்று வந்துவிட்டது. மிஷினை விற்கப்போகிறார் என்றுதான் நின்றேன்.

அவர் தகரத்தில் பதிந்த பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு என் உயரத்தை ஒரு தடவை பார்த்தார். பல் என் நெற்றி மட்டத்தில் இருந்தது.

"கூப்பிட்டது யாரு?"

"அவதாங்க."

"பேர் சொல்லியா?"

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மிஷினை விக்கல" என்றார். "மெட்ராஸ்ல கல் அறுக்கற கார்பரண்டம் சக்கரம் கெடைக்குது, ஜல்தியா வாங்கியாந்து இந்த வேலைய முடி. அடுத்த வருசம் பூசைக்கு சந்தனத்தை என் கையில குடு. நான் வெக்கறேன், எங்க வெக்கணுமோ அங்க."

அக்டோபர் 23

பௌர்ணமி. திருவக்கரைக்குப் போனோம். என் ஆயுசுக்காக வக்கிரகாளிக்கு விளக்குப் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது கல்லாய்ப் போன மரங்களைப் போய்ப் பார்த்தோம். மரத்தின் ரேகை அப்படியே கல்லில் இருக்கிறது. "இதை அறுக்கணும்னா எத்தினி டின்னு தண்ணி வேணும்?" என்றேன். நாலு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"நீ கூப்பிட்டதாலதான் நான் இங்க நிக்கறேன்" என்றேன். "ஆயுசு குறையும்னு நீ சும்மா இருந்திருந்தா ஆயுசே போயிருக்கும்."

"அதான் யோசிச்சிக்கினு கீறேன்" என்றாள்.

அக்டோபர் 27

யோசித்து முடித்துவிட்டாள். மோட்டார் ஓடும்போது பெயர் சொல்லலாமாம்.

"அந்தச் சத்தத்துல எமனுக்குக் கேக்காதுங்க."

இந்தச் சட்டத்தை எந்த வக்கீலும் உடைக்க முடியாது.

நவம்பர் 11

கார்பரண்டம் சக்கரம் சீக்கிரம் தேய்கிறது, தண்ணீரையும் அதிகம் குடிக்கிறது. டின்னும் ஓடுகிறது, பாஞ்சாலி செம்போடும் நிற்கிறாள். இன்று நாலு தடவை "வேங்கடேசா!" ஒரு 'ங்க'கூடக் கிடையாது. சுவிட்சை அணைத்தவுடன், "ஏங்க, சாப்பிட வர்றீங்களா?" என்கிறாள். ஒரே ஆளா இவள்?

ஒரு தடவை தண்ணீர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "சும்மா. வாயில வருதான்னு பாத்தேன்" என்றாள்.

1962 ஜனவரி 14, ஞாயிறு

டாக்கீஸ் திறந்தாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் திரையைப் பற்றிப் பேசுகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். மூலைக் கல் ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரியும். பாய் புதுச் சட்டையோடு நின்று யாரிடமோ, "நம்ம பட்டறைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 4. விழுப்புரம்.

எட்டுக் கிரகம் ஒன்று சேர்கிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. எங்களுக்கு அவசர வேலை, கல் அறுத்தோம்.

டின் காலியாகிறது என்று பாஞ்சாலி முழு மூச்சையும் இழுத்துக் கூப்பிட்டாள். அவள் வாயைத் திறந்த நொடியில் கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றுபோன அமைதியில் "வேங்கடேசா" என்பது ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். மாசிலாமணி, "எமன் காதுல உழுந்துச்சு பாஞ்சாலி" என்றான். என் ஆயுசுக்காகச் சனிக்கிழமை விரதம் என்று அறிவித்துவிட்டாள்.

உலகம் அழியவில்லை.

ஜூலை 22

எழுதலாமா என்று தெரியவில்லை. அவளே நிச்சயமாகட்டும் என்கிறாள். எழுதிவிடுகிறேன். மாங்காய் கேட்டாள்.

1963 பிப்ரவரி 26

பெண். அம்சா என்று பெயர். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. பாஞ்சாலியும் நன்றாக இருக்கிறாள்.

ஏப்ரல் 18

வீட்டில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. "அம்சா அப்பா, தண்ணி மொண்டாங்க." "அம்சா அப்பா, தூளிய ஆட்டுங்க." ஒரு நாளைக்கு நூறு தடவை. அவளுக்கு இப்போதுதான் வாய்க்கு விடுதலை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பட்டறைக்கு அவள் வராத இந்த இரண்டு மாசமும் கல் தேய்க்கிற கெங்கம்மாள் டின்னைப் பார்த்துக்கொள்கிறாள். "மேஸ்திரி, தண்ணி!" என்கிறாள். திரும்பத்தான் செய்கிறேன். என்னவோ போல் இருக்கிறது.

ஜூன் 10

பாஞ்சாலி வேலைக்குத் திரும்பினாள். கல்மாவு படாத மூலையில் உத்தரத்தில் தூளி கட்டியாகிவிட்டது. மோட்டார் ஓடினால் அம்சா தூங்குகிறாள், நின்றால் விழித்துக்கொள்கிறாள்.

மதியம் தண்ணீர் குறைந்தபோது அவள் "அம்சா அப்பா" என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். "வேங்கடேசா!" என்றாள். வாய் நிறைய. கோடு கொஞ்சம் கோணிவிட்டது, பரவாயில்லை.

1964 மார்ச் 16, திங்கள்

அம்சா நிற்கிறாள். டின் ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் நின்றதும் குழாயிலிருந்து விழுகிற தண்ணீரைத் தட்டி விளையாடுகிறாள். அம்மா என்று சொல்லிப் பத்து நாளாகிறது. அப்பா என்று சொல்ல வைக்க நானும் கல்கண்டைக் காட்டிக்காட்டிப் பார்த்துவிட்டேன், மசியவில்லை.

இன்று சாப்பாட்டுக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். திருகையும் மூடிவிட்டேன். தட்டி விளையாடிய தண்ணீர் நின்றுபோனதும் அவளுக்குக் கோபம். ஸ்டாண்டை உலுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, முழு மூச்சையும் இழுத்து, அவள் அம்மா மாதிரியே —

"ஏங்கதேசா!"

பட்டறை முழுக்கக் கேட்டது. நான் ஒரே தடவையில் திரும்பிவிட்டேன். ராயப்பன் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். தேய்க்கிற பெண்கள் எல்லாம் பாஞ்சாலியைப் பார்க்கிறார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள், வாயைப் பொத்தப் போனாள், பாதியில் நிறுத்திவிட்டாள். மோட்டார் ஓடவில்லை. எமனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

"இதுக்கு இன்னா சட்டம்?" என்று கேட்டேன்.

குழந்தையின் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"பொண்ணு கூப்பிட்டா ஆயுசு கூடும்" என்றாள். "எங்கம்மா சொல்லிக்கீறாங்க."

அவள் அம்மா அப்படிச் சொன்னதே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருகைத் திறந்துவிட்டேன்.